முகாம் எங்கள் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே 18 முடிந்து சில நாள்தான் ஆகிறது. முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்கு நம் தலைவர்கள் விட்ட அறிக்கைகளை உங்கள் நாளிதழில் ஒன்று விடாமல் படித்தேன். கட்சி வேறுபாடே இல்லாமல் எல்லா அறிக்கையிலும் ஒரு சொல் இருந்தது, தொப்புள்கொடி உறவு. அந்தச் சொல்லை நானும் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். இந்த முறை அதைப் படித்தபோது என்னால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க முடியவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். கடிதம் நீண்டுவிட்டது. வெட்ட வேண்டியிருந்தால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள், வாடகை வீடு பற்றியும் பிறப்புச் சான்றிதழ் பற்றியும் எழுதியிருப்பதை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள்.

நான் ஈரோடு மாவட்டத்துக்காரன், அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. பெரும்பாலும் 1990-ல் படகேறி வந்த குடும்பங்கள். முகாம் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்குத்தான் வருவார்கள். வகுப்பில் நம் பிள்ளைகளைப் போலவே பேசுவார்கள், வித்தியாசமே தெரியாது. வாசலில் அம்மம்மா யாராவது வந்து நின்று கூப்பிட்டால் மட்டும் சட்டென்று "ஓம், வாறன்" என்று குரல் மாறும். அப்புறம் நாங்கள் கேட்டுவிட்டோமோ என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தச் சின்ன வயதுப் பிள்ளைக்கு, தன் வீட்டுப் பேச்சை வெளியே காட்டக்கூடாது என்று யார் சொல்லிக்கொடுத்தது? நான் அதைப் பல வருடம் பார்த்தும் ஏன் என்று யோசிக்காமலே இருந்திருக்கிறேன்.

அவர்களில் ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயர் வேண்டாம், அவளுக்கு அது பிரச்சினையாகலாம். முகாமில் பிறந்தவள், இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. கணவர் பெயின்டர். முகாம் ஆண்களில் பாதிப்பேருக்கு மேல் பெயின்ட் வேலைதான் பார்க்கிறார்கள், எங்கள் பகுதியில் புது வீடு எது கட்டினாலும் சுவரில் அவர்கள் கைதான் இருக்கும். இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு மூச்சு இழுப்பு. முகாமில் அவர்களுக்கு இருந்தது பழைய வரிசை வீட்டில் ஒற்றை அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ், அடுப்புப் புகை போக வழியில்லை. ஊருக்குள் ஒரு வாடகை வீடு பார்த்துக் கொடுங்கள் சார் என்று என்னிடம் வந்தாள்.

எங்கள் தெருவிலேயே ஒரு மாடி போர்ஷன் காலியாக இருந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். 2009-ல் போர் நடந்த அந்த மாதங்களில் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதவர். ஒவ்வொரு மே 18-க்கும் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மெழுகுவத்தி எரியும். அதனால்தான் நம்பிக்கையோடு முதலில் அவரிடம் போனேன். அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் வசதி எப்படி என்றெல்லாம் பேசினோம். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்க நம்ம சனம்ங்க வாத்தியாரே, அதுல ரெண்டாவது பேச்சே இல்லீங்க. ஆனா நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டா நான் என்னன்னு பதில் சொல்றது?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வீடு மட்டும் கிடைக்கவில்லை.

இப்படி ஐந்து வீடு. ஒருவர் சொந்தக்காரர்கள் வருவதாகச் சொன்னார். ஒருவர் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னொருவர் வாடகை கொடுக்க முடியாமல் போனால் யாரைப் போய்ப் பிடிப்பது என்று கேட்டார், அது நியாயமான கேள்விதான், நான் பொறுப்பு என்று சொன்னேன், அப்படியும் சரி வரவில்லை. ஐந்து பேரில் ஒருவர்கூட அவர்களைத் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாவது வீட்டிலிருந்து திரும்பி வரும்போது அந்தப் பெண் சொன்னாள்: "திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல சார். எல்லாரும் எங்களுக்காக வருத்தப்பட்டுட்டு இல்லைன்னு சொல்றாங்க. அப்ப நான்தான் அவங்களுக்கு ஆறுதல் சொல்லிட்டு வர வேண்டியிருக்கு."

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஐந்து வீடு ஏறி இறங்கிய பிறகுதான், எங்கள் வீட்டுப் பின்கட்டு நாலு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது என்பது எனக்கு ஞாபகம் வந்தது. மகன் பெங்களூரு போன பிறகு அதில் பழைய புத்தகமும் உடைந்த சைக்கிளும்தான் கிடந்தன. ஊரெல்லாம் அவளுக்காக வீடு கேட்டு அலைந்தவனுக்கு இந்த யோசனை ஏன் முதல் நாளே வரவில்லை? இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

காலையில் வீட்டில் பேசினேன். மனைவி ஒரே நிமிடத்தில் சரி என்றாள். மகன்தான் போனில் பயந்தான். முகாம் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாலுகா அலுவலகம், காவல் நிலையம் என்று ஏழெட்டு வாரம் அலைந்தோம். காவல் நிலையத்தில் வாடகை ஒப்பந்தத்தின் நகலும் போட்டோவும் என் ஆதார் நகலும் கேட்டார்கள். அவ்வளவுதான். அவர்கள் குடிவந்து மூன்றாவது வருடம் நடக்கிறது. வழக்கமான பதிவு விசாரணை தவிர எந்தப் போலீசும் வந்து என் கதவைத் தட்டவில்லை. இதை இத்தனை விவரமாக எழுதுவதற்குக் காரணம், உங்கள் வாசகர்களில் காலி வீடு வைத்திருப்பவர்கள் பலர் இருப்பார்கள். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு தமிழ்நாட்டில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு வீடு விடுவது குற்றமில்லை. முறைப்படி தகவல் கொடுத்துவிட்டால் போதும்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் கடிதம் பொய்யாகிவிடும். இதே பெண் 2012-ல் பிளஸ் டூ முடித்தாள். 1200-க்கு ஆயிரத்துக்கு மேல் வாங்கியிருந்தாள், நர்சிங் படிக்க ஆசை. வங்கியில் கல்விக் கடன் கேட்டால் இந்தியக் குடியுரிமை வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய அப்பா என்னிடம் வந்தார். முதல் வருடக் கட்டணம் மட்டும் யாராவது கொடுத்தால் மீதியை வேலை செய்து கட்டிவிடுவேன் என்றார். நான் "பார்க்கலாம், ஏதாவது பண்ணலாம்" என்றேன். நாம் அந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறோம் என்பது நமக்குத் தெரியும். அவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். மூன்று முறை வந்தார், மூன்று முறையும் டீ கொடுத்து, இலங்கை அரசியல் பேசி, "பார்க்கலாம்" என்று அனுப்பினேன். சேர்க்கைக்கான கடைசித் தேதி போய்விட்டது. என்னிடம் அப்போது பணம் இல்லாமல் இல்லை. அதே வருடம் எங்கள் ஊரில் ஈழத்தமிழர் ஆதரவுக் கூட்டம் ஒன்றுக்கு மேடைக்கும் மைக் செட்டுக்கும் ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, இருபது நிமிடம் பேசி, கைதட்டலும் வாங்கினேன். அவளுடைய அப்பா அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

அவள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனாள். இப்போதும் என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறாள். ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சரி, என் கதை போதும். தலைவர்களின் அறிக்கைக்கு வருகிறேன்.

இன்று தமிழ்நாட்டு முகாம்களில் ஏறக்குறைய 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பிறகு வரத் தொடங்கியவர்கள். அந்த முதல் படகுகள் வந்து 40 வருடம் தாண்டிவிட்டது. இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை, நமக்கென்று அகதிகள் சட்டமும் கிடையாது. விசா இல்லாமல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் வந்தவர்கள், சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள். இங்கே அரசு ஆஸ்பத்திரியில் பிறந்து, இங்கே படித்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, இலங்கையைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிற அவர்களுடைய பிள்ளைகளுக்கும் குடியுரிமைக் கதவு திறக்கவில்லை. முகாம்களில் கணிசமானவர்கள் மலையகத் தமிழர்கள். நம் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகள். 1964-ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் அந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்தானது. கையெழுத்துப் போட்டு அறுபது வருடத்துக்கு மேலாகிறது, அந்த வம்சாவளியில் வந்தவர்கள் இன்னும் நம் முகாம்களில் அகதி அட்டையோடு இருக்கிறார்கள்.

2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வழி திறந்த அந்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. 125 பேர் ஆதரவு, 105 பேர் எதிர்ப்பு. இலங்கைத் தமிழருக்கு இரட்டைக் குடியுரிமையே வேண்டும் என்று பேசிவந்த அ.தி.மு.க. ஆதரித்து வாக்களித்தது, பா.ம.க.வும் ஆதரித்தது. எதிர்த்து வாக்களித்த தி.மு.க.வுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. 2004 முதல் 2013 வரை மத்திய அமைச்சரவையில் இருந்தீர்கள், உங்கள் தயவில்லாமல் ஆட்சி நடக்காது என்ற நிலைகூட இருந்தது, அந்த ஒன்பது வருடத்தில் முகாம் மக்களுக்குக் குடியுரிமை தர ஒரு சட்டத்திருத்தம் ஏன் வரவில்லை? பா.ஜ.க.வைக் கேட்கவே வேண்டாம், அந்த மூன்று நாடுகளோடு நான்காவதாக ஒரு பெயரைச் சேர்க்கும் அதிகாரம் முழுவதும் அவர்கள் கையில் இருந்தது.

மாநில அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் அறிவித்தபடி குடும்பத் தலைவருக்கு மாத உதவித்தொகை 1000-லிருந்து 1500 ஆனது, மற்ற பெரியவர்களுக்கு 750-லிருந்து 1000. பழுதடைந்த வீடுகளுக்குப் பதில் 7,469 புது வீடுகள் கட்டித்தருவதாகச் சொல்லி, பல முகாம்களில் கட்டியும் கொடுத்தார்கள். எங்கள் மாவட்டத்திலும் நான் பார்த்தேன், உருப்படியான வீடுகள். அதற்காக யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ அவர்களுக்கு என் நன்றி. அதே சமயத்தில்தான் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். அகதி என்ற சொல் போனதில் அந்த மக்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் பலகையில் பெயர் மாறிய பிறகும், வேலைக்குப் போகும் இடத்தில் அடையாள அட்டையைக் காட்டியதும் மேனேஜரின் முகம் மாறுவது மாறவில்லை. பாஸ்போர்ட் இல்லை, அரசு வேலை இல்லை, சொந்தமாக ஒரு சென்ட் நிலம் வாங்க வழியில்லை.

2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது எல்லோரும் கொதித்துப் போனோம். அந்தக் கொதிப்பு எத்தனை நாள் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டு செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்குக் கொடுத்தது. நல்லதுதான், இனி சிறைக்கு அனுப்ப மாட்டார்கள். குடியுரிமை மட்டும் அதில் இல்லை. முகாமில் சிலர் குடியுரிமையே கிடைத்துவிட்டதாக நினைத்து இனிப்புக் கொடுத்தார்கள், அவர்களுக்கு நான்தான் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அது மாதிரி ஒரு வேலை இனி எனக்கு வரவே கூடாது.

இப்போது நான் எழுத வந்த முக்கியமான விஷயம். குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். யாரும் தயவு செய்து கொடுக்க வேண்டியதில்லை, ஏற்கனவே அவர்களுடையது. திருச்சி முகாமில் வாழும் ஒரு பெண், ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் அந்தத் தேதிக்கு முன் பிறந்தவர், பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் 2022-ல் தீர்ப்பு வாங்கினார், பாஸ்போர்ட் வாங்கினார், 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் போட்டார். உங்கள் நாளிதழ் உட்பட எல்லாவற்றிலும் செய்தி வந்தது. நாமும் படித்து மகிழ்ந்தோம். அதே மாதிரி இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தேடிப் போயிருக்க வேண்டாமா?

நான் எங்கள் முகாமில் விசாரித்தேன். நான்கு பேர் இருக்கிறார்கள். எப்படி என்றால், 1984, 85-ல் வந்து மண்டபத்தில் இறங்கிய குடும்பங்கள், அங்கே பிள்ளை பிறந்திருக்கிறது, 1987-ல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் வந்ததும் சண்டை முடிந்துவிட்டது என்று நம்பி ஊர் திரும்பியிருக்கிறார்கள். 1990-ல் மறுபடி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படகேறி வந்தபோது அகதியாகப் பதிவானார்கள். தங்கள் பிள்ளை இந்தியக் குடிமகன் என்று அவர்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. அந்த நால்வரில் ஒருவரிடம்தான் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. இன்னொருவரின் அம்மா, ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு ஒன்றைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இத்தனை வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார், எழுத்து மங்கிப்போய் தேதியில் ஒரு எண் மட்டும்தான் தெரிகிறது. மற்ற இருவரிடம் எதுவும் இல்லை.

அவர்களுக்கு வேண்டியது பழைய பிறப்புப் பதிவேட்டைத் தேடிப் பார்க்க ஒரு ஆள். பதிவாகாமல் இருந்தால், ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறப்பைப் பதிய கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும், அதற்கு மனு எழுத வேண்டும், சாட்சி வேண்டும், நாலைந்து முறை நடக்க வேண்டும். ஈரோட்டிலிருந்து ராமநாதபுரம் போய்வர அவர்களுக்கு ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நாள் கூலி போகும், இரவு வெளியே தங்க முகாமில் அனுமதி வாங்க வேண்டும். நமக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. ஓய்வு பெற்ற வருவாய்த்துறை ஆட்கள், வக்கீல்கள், கம்ப்யூட்டரில் தமிழ் டைப் செய்யத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள், இவர்கள் ஒவ்வொரு முகாமுக்கும் இரண்டு பேர் போனால்கூட எத்தனை பேரின் பெயர் அந்த அகதிப் பட்டியலிலிருந்து வெளியே வரும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, டெல்லிக்குப் போக வேண்டியதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த மே 18-க்கும் அறிக்கைகள் வரும், நீங்களும் வெளியிடுவீர்கள், வெளியிடத்தான் வேண்டும். ஒவ்வொரு அறிக்கைக்கும் கீழே, அந்தக் கட்சியின் எம்.பி.க்கள் முகாம் மக்களின் குடியுரிமைக்காக அந்த ஒரு வருடத்தில் நாடாளுமன்றத்தில் என்ன கேள்வி கேட்டார்கள், எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார்கள் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். நாடாளுமன்றப் பதிவுகளில் எல்லாம் இருக்கிறது, உங்கள் நிருபர்களுக்கு அது அரை நாள் வேலைதான்.

ஜூன் இரண்டாவது திங்கட்கிழமை நாங்கள் மண்டபம் போகிறோம். நானும், தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பரும், அந்தச் சீட்டை வைத்திருக்கும் அம்மாவும். அம்மாவுக்கு முகாமில் அனுமதி வாங்கியாகிவிட்டது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் பெண், தான் 1987-க்குப் பிறகு பிறந்தவள், இதில் தனக்கு ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும், வழிக்குப் புளிச்சாதம் கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். வண்டியில் இன்னும் ஒரு இடம் இருக்கிறது. பழைய பதிவேடுகளைப் படித்துப் பழக்கமுள்ளவர் யாராவது வருவதாக இருந்தால் உங்கள் அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள், என் முகவரி உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
ஈரோடு மாவட்டம்.